மட்டக்களப்பு, அம்பாறை வைத்தியசாலைகளின் சிறப்புப் பிரிவுகளுக்குப் புதிதாக வரும் தாதியர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போஸ்ட் பேசிக் (அடிப்படைப் பயிற்சிக்குப் பிந்திய சிறப்புப் பயிற்சி) முடித்தவர்கள், பட்டப்படிப்பும் முதுமாணியும் முடித்தவர்கள், ஐ.சி.யூ., டயலிசிஸ், தொற்றுக் கட்டுப்பாடு போன்ற பிரிவுகளுக்கு வந்து சேர்ந்ததும் கேட்பவை ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவைப்பது லேசு. சில இடங்களில் என் சொந்த அபிப்பிராயமும் கலந்திருக்கும். உங்கள் பிரிவின் எழுத்துமூல நடைமுறை வேறாக இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

வெளிநாடுகளில் ‘அட்வான்ஸ்ட் பிராக்டிஸ் நேர்ஸ்’ என்கிறார்களே, நானும் அப்படித்தானா?

படிப்பளவில் கிட்ட இருக்கலாம். அதிகார அளவில் இல்லை. சர்வதேச தாதியர் பேரவை 2020இல் வெளியிட்ட வழிகாட்டல், இந்த நிலைக்கு முதுமாணிப் பட்டத்தைக் குறைந்தபட்சத் தகுதியாகப் பரிந்துரைக்கிறது. அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் இந்த நிலையில் இருப்பவர்கள் நோயாளியைப் பரிசோதித்து, நோயை நிர்ணயித்து, மருந்தும் எழுதுகிறார்கள். இங்கே மருந்து எழுதும் அதிகாரம் தாதியருக்கு இல்லை. நியமனக் கடிதத்தில் ‘தாதிய உத்தியோகத்தர்’ என்றுதான் இருக்கும். பதிவும் 1988ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலங்கைத் தாதியர் சபைச் சட்டத்தின் கீழ்தான்.

ஆனால் வாட்டில் உங்களிடம் எதிர்பார்ப்பது வேறு. நோயாளி சரியப்போகிறார் என்பதை மற்றவர்களுக்கு முன் நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும் என்று எல்லோரும் நினைப்பார்கள். தெரிந்தது நிறைய, செய்ய அனுமதி உள்ளது கொஞ்சம். அந்த இடைவெளிக்குள் நின்று எப்படி வேலை செய்வது என்பதைப் பழகுவதுதான் அறிமுகப் பயிற்சியின் பெரும்பகுதி.

முதல் நாள் எங்கே போய் நிற்பது, என்ன கொண்டு போவது?

நியமனக் கடிதத்தை யார் அனுப்பியிருக்கிறார் என்று முதலில் பாருங்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை மத்திய சுகாதார அமைச்சின் கீழ் வருகிறது. மாகாணத்தின் கீழுள்ள வைத்தியசாலை என்றால் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் பணிமனைதான் உங்கள் அலுவலகம். அம்பாறை மாவட்டத்தில் அப்படி இரண்டு பணிமனைகள் உண்டு: ஒன்று அம்பாறையில், மற்றது கல்முனையில். கல்முனைப் பக்கம் நியமனம் கிடைத்தவர் அம்பாறை நகருக்குப் போய் அரைநாளை விட்டுவிட்டு வருவது அடிக்கடி நடக்கிறது.

தாதியர் சபைப் பதிவுச் சான்றிதழ், பயிற்சிச் சான்றிதழ்கள், பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, வங்கிக் கணக்கு விபரம், ஏற்கெனவே வேலையில் இருந்தவர் என்றால் விடுவிப்புக் கடிதம். எல்லாவற்றிலும் நாலைந்து பிரதி. இவற்றுடன், மஞ்சட் காமாலை பீ தடுப்பூசி போட்ட அட்டை. இதைப் பெரும்பாலும் யாரும் கேட்க மாட்டார்கள், ஆனாலும் கொண்டு போங்கள். ஏன் என்று கீழே ஊசி குத்தும் கேள்வியில் சொல்கிறேன்.

அறிமுகப் பயிற்சி எத்தனை நாள்?

நேர்மையாகச் சொன்னால், ஆள் பற்றாக்குறை எவ்வளவோ அவ்வளவு குறைவாகத்தான் கிடைக்கிறது. என் கணக்கில் ஐ.சி.யூ.வுக்கும் டயலிசிஸுக்கும் குறைந்தது நாலு வாரம், ரோஸ்டரில் மேலதிக ஆளாக வேண்டும். அதாவது நீங்கள் இல்லாவிட்டாலும் அந்த ஷிப்ட் ஓடும் என்ற நிலையில் நீங்கள் நிற்க வேண்டும். காலை 7 முதல் 1 வரை, பகல் 1 முதல் இரவு 7 வரை, இரவு 7 முதல் காலை 7 வரை என்று மூன்று ஷிப்டையும் வழிகாட்டித் தாதியோடு சேர்ந்து பார்த்திருக்க வேண்டும். காலை ஷிப்ட்டை மட்டும் பார்த்தவருக்கு வாட்டின் பாதிதான் தெரியும். காலையில் கன்சல்டன்ட் இருக்கிறார், மருந்தகம் திறந்திருக்கிறது, மேற்ரன் சுற்றி வருகிறார். இரவில் இவை ஒன்றும் இல்லை.

புதிதாகப் பாஸ்பண்ணி வந்த பிள்ளையை யாரும் தனியே விடமாட்டார்கள். பன்னிரண்டு வருட அனுபவத்தோடு வருகிறவரைத்தான் மூன்றாம் நாளே ‘அவவுக்கு எல்லாம் தெரியும்’ என்று இரவு டியூட்டியில் போட்டுவிடுவார்கள். அப்படிப் போட்டால் மறுக்கலாமா என்று கேட்கிறார்கள். மறுப்பதைவிட, ‘இன்னும் இரண்டு இரவு ஒருவரோடு சேர்த்துப் போடுங்கள் சிஸ்டர், மறுகா தனியே நிற்கிறேன்’ என்று கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும்.

எனக்கு அனுபவம் இருக்கிறது. என்னைவிட வயதில் குறைந்தவரிடம் எதைப் படிக்க வேண்டும்?

நோயை இல்லை, இடத்தை. வென்டிலேற்றர் பற்றி அவருக்கு நீங்கள் சொல்லிக்கொடுக்கலாம். கரண்ட் போனால் ஜெனரேற்றரில் ஓடும் பிளக் எந்தச் சுவரில் இருக்கிறது என்று அவர்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். ஒட்சிசன் சிலிண்டரின் சாவி எந்த ஆணியில் தொங்குகிறது, டிபிபிரிலேற்றரைக் கடைசியாக யார் சோதித்துக் கையொப்பம் வைத்தார், இரத்த வங்கிக்கு இரவில் எந்த வாசலால் போவது, லிப்ட் நின்றால் ட்ரொலியை எந்தச் சரிவால் இறக்குவது, டி.டி.ஏ. அலுமாரித் (அபாயகர மருந்துகளைப் பூட்டிவைக்கும் அலுமாரி) திறப்பு யார் இடுப்பில் இருக்கிறது. முதல் வாரத்தில் இவற்றை ஒருதரம் நடந்தே பாருங்கள்.

எமர்ஜென்சி ட்ரொலியைத் திறந்து, ஒவ்வொரு தட்டையும் உங்கள் கையாலேயே எடுத்து வையுங்கள். லரிங்கோஸ்கோப்பின் மின்குமிழ் எரிகிறதா என்று பாருங்கள். இன்னொரு விஷயம்: வாட்டு முழுவதையும் உண்மையில் தெரிந்தவர் பெரும்பாலும் பழைய சுகாதார உதவியாளர் ஒருவர்தான். அவரோடு ஒரு தேத்தண்ணி குடித்தால் பல விஷயங்கள் தானாக வெளிவரும்.

எதை நானாகச் செய்யலாம், எதற்கு டொக்டர் எழுத வேண்டும்?

உங்கள் பிரிவின் எழுத்துமூலமான நடைமுறை அறிவுறுத்தலைக் கேட்டு வாங்குங்கள். ‘இங்கே வழமையாக நாங்களே செய்கிறோம்’ என்பது அறிவுறுத்தல் ஆகாது. கன்சல்டன்ட் கையொப்பமிட்ட தாள் இருந்தால் அதன்படி செய்யலாம். வென்டிலேற்றரில் உள்ளவரின் தலைப்பக்கத்தை 30 முதல் 45 பாகை உயர்த்தி வைப்பது, மூச்சுக் குழாயின் கஃப் (காற்றுப் பை) அழுத்தத்தைப் பார்ப்பது, சளி உறிஞ்சுவது, நிலை சரியும்போது ஒட்சிசன் தொடங்கி உடனே அழைப்பது போன்றவை பெரும்பாலும் அதில் இருக்கும். மருந்தின் அளவை மாற்றுவது அதில் இல்லை என்றால் மாற்றக் கூடாது, அளவு பிழை என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்தாலும். அப்போது செய்ய வேண்டியது, கொடுக்காமல் நிறுத்தி, எழுதியவரைக் கூப்பிட்டுக் கேட்பது.

போனில் சொல்லப்படும் மருந்தை பீ.எச்.டி.யில் (நோயாளியின் கட்டில் பதிவேடு) எழுதி, எழுதியதைத் திரும்ப வாசித்துக் காட்டி, நேரமும் சொன்னவர் பெயரும் குறித்து, அவர் வந்ததும் கையொப்பம் வாங்குங்கள். இன்சுலின், ஹெப்பரின், பொட்டாசியம் குளோரைட் மூன்றையும் இன்னொரு தாதி தனியாகக் கணக்குப் பார்த்த பிறகுதான் கொடுக்க வேண்டும். பக்கத்தில் நின்று ‘ஓம், சரி’ என்பது கணக்குப் பார்ப்பது ஆகாது. பொட்டாசியத்தை ஐதாக்காமல் நாளத்தில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். அதன் குப்பியை மற்ற மருந்துகளோடு ஒரே தட்டில் கண்டால், முதல் நாளாக இருந்தாலும் எடுத்துத் தனியே வைக்கச் சொல்லுங்கள்.

இரவு இரண்டு மணிக்கு டொக்டரைக் கூப்பிடப் பயமாக இருக்கிறது. என்ன சொல்வது?

பயம் வருவது பெரும்பாலும் என்ன சொல்வதென்று ஒழுங்கு இல்லாததால்தான். நிலைமை, பின்னணி, நான் நினைப்பது, எனக்கு வேண்டியது என்ற நாலு படியில் சொல்லுங்கள். போனை எடுக்கும் முன் பீ.எச்.டி.யைக் கையில் வைத்திருங்கள். டெங்குக் காலத்தில் இப்படி இருக்கலாம் (எச்.டி.யூ. என்பது உயர் கவனிப்புப் பிரிவு, பீ.சி.வீ. என்பது இரத்தத்தில் செங்கலங்களின் வீதம், லீக்கிங் என்பது இரத்தக் குழாயிலிருந்து திரவம் கசிவது):

‘டொக்டர், எச்.டி.யூ. நாலாம் கட்டிலில் இருந்து பேசுகிறேன். நோயாளியின் பிரஷர் 100க்கு 82, நாடி 112, கைகால் குளிர்கிறது. காய்ச்சல் தொடங்கி இன்று ஐந்தாம் நாள், நிறை 50 கிலோ. பிளேட்லெட் 62,000. பின்னேரம் பீ.சி.வீ. 36, இப்போது 44. கடைசி இரண்டு மணித்தியாலமும் சலம் மணிக்கு 15 மில்லிலீற்றர்தான். லீக்கிங் தொடங்கி ஷொக்குக்குப் போகிறார் என்று நினைக்கிறேன். நீங்கள் இப்போதே வந்து பார்க்க வேண்டும். வரும்வரை திரவத்தை எந்த வேகத்தில் விடுவது?’

அரை நிமிடம்தான். இதில் மேல் பிரஷர் 100 என்பதை மட்டும் சொன்னால் மறுபக்கம் தூக்கக் கலக்கத்தில் ‘பரவாயில்லை, பாருங்கோ’ என்று வைத்துவிடுவார்கள். மேல், கீழ் பிரஷர் இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் 18. அது 20 அல்லது அதற்குக் கீழே வந்தால் ஷொக். மேல் அளவு விழும்வரை காத்திருந்தால் பிந்திவிடும். திரவம் கசியும் இந்தக் கட்டம் பொதுவாக 48 மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். நம் நாட்டு வழிகாட்டலின்படி 50 கிலோ வளர்ந்தவருக்கு அந்த முழுக் காலத்துக்கும் திரவக் கணக்கு 4,600 மில்லிலீற்றர். வாயால் குடிக்கும் இளநீரும் கஞ்சியும் அதில் சேர்த்தி. வீட்டிலிருந்து வந்த போத்தலில் எவ்வளவு குறைந்தது என்று பார்த்து எழுதாத சார்ட் பாதிப் பொய்.

ஹவுஸ் ஒபிசர் வரவில்லை என்றால் அடுத்தவர், அவரும் இல்லை என்றால் கன்சல்டன்ட். யாருக்கு எத்தனை மணிக்கு அழைத்தீர்கள் என்பதை எழுதிவிட்டே அடுத்த அழைப்பை எடுங்கள். நியூஸ் 2 என்ற எச்சரிக்கைப் புள்ளி முறை உங்கள் வாட்டில் இருந்தால் வேலை இன்னும் சுலபம்: 5 என்றால் அவசரம், 7 அல்லது மேல் என்றால் அதி அவசரம். பெரிய டொக்டரை எழுப்புவதற்கு உங்கள் துணிச்சலைவிட அந்த எண் நல்ல காரணம்.

கொழும்பிலோ வளைகுடாவிலோ வேலை செய்தவர் இங்கே புதிதாக எதைப் பார்ப்பார்?

பாம்புக்கடி. வேளாண்மை வெட்டுக் காலத்தில் கண்ணாடி விரியன் கடித்து வருகிறவர்கள், வயல் வாடியிலும் வீட்டுத் தரையிலும் படுத்திருந்து கட்டுவிரியன் கடித்து வருகிறவர்கள். கட்டுவிரியன் கடித்த இடம் பல வேளை தெரியாது. விடியப்புறம் வயிற்றுவலி என்று வந்து, இமை கீழே விழ ஆரம்பித்தால் கடி என்று நினையுங்கள். அப்படிப்பட்டவருக்கு அடுத்தது மூச்சுத் தசை சோர்வதுதான். வென்டிலேற்றரைத் தயாராக வையுங்கள்.

இருபது நிமிட இரத்த உறைவுச் சோதனையை உங்கள் கையால் செய்து பழகுங்கள். புதிய, காய்ந்த கண்ணாடிக் குழாயில் ஒன்றிரண்டு மில்லிலீற்றர் நாள இரத்தம். அசைக்காமல் 20 நிமிடம். பிறகு ஒரேயொரு தரம் சரித்துப் பார்ப்பது. சவர்க்காரத் தூளால் கழுவிய குழாயும் பிளாஸ்டிக் குழாயும் பொய்ப் பதில் தரும். ட்ரொலியில் வைத்தால் அது ஆடிக்கொண்டே இருக்கும், மேசையில் வையுங்கள். விஷமுறிவு மருந்து ஏற்றத் தொடங்கும் முன் அட்ரினலினைச் சிரிஞ்சில் எடுத்துக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருக்க வேண்டும். ஒவ்வாமை வருவது இங்கே அபூர்வமில்லை. நாம் பாவிக்கும் இந்திய முறிவு மருந்து கோப்பி விரியனுக்கு வேலை செய்யாது என்பதால், பாம்பைக் கொண்டுவந்தவர்கள் அவசரப்படுத்தினாலும் அடையாளம் காண்பதில் அவசரம் வேண்டாம்.

இவற்றோடு எலிக்காய்ச்சலும், சேற்றில் வேலை செய்யும் நீரிழிவு நோயாளிகளில் மெலியோய்டோசிஸும் (மண், நீரிலிருந்து தொற்றும் பக்டீரியா நோய்) வரும். காய்ச்சலோடு வந்த கமக்காரருக்குச் சலம் குறைகிறதா என்று மணிக்கணக்கில் பாருங்கள். ஆடி மாதம் பொத்துவில், உகந்தை வழியாகக் கதிர்காமத்துக்கு நடந்து போகிறவர்கள் காலெல்லாம் கொப்புளத்தோடும் நீர்வற்றியும் வருவார்கள். அம்பாறைப் பக்கம் வேலை செய்பவர் ரோஸ்டரில் அந்த வாரங்களைக் குறித்துவைப்பது நல்லது.

மொழி?

மட்டக்களப்பில் சிங்களம் மட்டும் தெரிந்த தாதிக்கும், அம்பாறை நகரில் தமிழ் மட்டும் தெரிந்த தாதிக்கும் ஒரே கஷ்டம்தான். நோயாளியின் சின்னப் பிள்ளையை மொழிபெயர்க்க நிறுத்தாதீர்கள், அதுவும் பெண் நோயாளியின் விஷயத்தில் மகனை. வாட்டில் இரண்டு மொழியும் தெரிந்த ஒருவரைக் கூப்பிடுங்கள். சம்மதப் படிவம் நோயாளி வாசிக்கும் மொழியில் இருக்க வேண்டும். மற்றைய அரசகரும மொழித் தேர்ச்சி எப்படியும் உங்கள் சேவைக்குத் தேவை, வேலையில் சேர்ந்த முதல் வருடத்திலேயே தொடங்கிவிடுங்கள்.

எப்படிக் கூப்பிடுவது என்றும் கேட்கிறார்கள். உங்களை எல்லோரும் ‘மிஸ்’ என்பார்கள். ஆண் தாதி என்றால் ‘சேர்’, வயசாளிகள் வாயில் ‘தம்பி’ அல்லது ‘மனே’. நீங்கள் ஐயா, அம்மா என்றால் எங்கேயும் பிழையில்லை. காத்தான்குடி, ஏறாவூர், கல்முனை, சம்மாந்துறையில் உம்மா, வாப்பா, ராத்தா, நானா என்றால் முகம் மலரும். கட்டில் நம்பரால் கூப்பிடுவதைக் காதால் கேட்கவே எனக்குப் பிடிக்காது. போனில் டொக்டரிடம் நம்பர் சொல்லுங்கள், நோயாளியிடம் வேண்டாம்.

நோன்பு காலத்தில் இன்சுலின் போடும் ஒருவர் உங்களுக்குச் சொல்லாமலே நோன்பு பிடித்திருக்கக்கூடும். காலை ஊசிக்கு முன் கேளுங்கள். கண்ணகி அம்மன் சடங்குக்குப் போக வேண்டும் என்று டிஸ்சார்ஜ் கேட்பவரோடு வாதாடாமல், எந்த நாள், எத்தனை மணி என்று கேட்டு டொக்டரிடம் சொல்லுங்கள். பல நேரம் வழி கிடைக்கும்.

இரவில் மரணம் நடந்து, உறவினர்கள் உடனே உடலைக் கேட்டால்?

முஸ்லிம் குடும்பங்கள் அடக்கத்தை விரைவில் முடிக்க விரும்புவது உங்களுக்குத் தெரியும். டொக்டர் மரணத்தை உறுதிசெய்து, காரணம் தெளிவான இயற்கை மரணம் என்றால் காகித வேலையைத் தாமதிக்காதீர்கள். ஆனால் பாம்புக்கடி, விபத்து, நஞ்சு, சந்தேகம் என்றால் திடீர் மரண விசாரணை அதிகாரி வர வேண்டும். அதைத் தவிர்க்க உங்களுக்கும் டொக்டருக்கும் அதிகாரம் இல்லை. ‘விடியத் தந்துவிடுவோம்’ என்று ஆறுதலுக்காகச் சொல்லிவிடாதீர்கள். அந்த ஒரு வார்த்தைதான் காலையில் வாட்டு வாசலில் சண்டையாக வரும். பொலிஸ் பொறுப்பில் யார் நிற்கிறார், யாரோடு பேச வேண்டும் என்று குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும் தெளிவாகச் சொல்லுங்கள். குழாய்களை எடுக்கலாமா என்றும் டொக்டரைக் கேட்டுவிட்டே தொடுங்கள்.

ஊசி குத்திவிட்டால்?

ஓடும் தண்ணீரிலும் சவர்க்காரத்திலும் கழுவுங்கள். பிதுக்க வேண்டாம். உடனே பொறுப்புத் தாதிக்கும் தொற்றுக் கட்டுப்பாட்டுத் தாதிக்கும் அறிவியுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவை என்றால் எவ்வளவு சுறுக்காகத் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது, 72 மணித்தியாலம் தாண்டினால் பலனில்லை. தடுப்பூசி போடாதவருக்கு இதில் பெரிய ஆபத்து மஞ்சட் காமாலை பீதான். மூன்று ஊசியும் போட்டு, எதிர்ப்புச் சக்தி அளவு 10க்கு மேல் இருக்கிறதா என்று பார்த்த தாள் உங்களிடம் இருந்தால் அன்றிரவு நிம்மதியாகத் தூங்கலாம். முதல் நாள் அட்டையைக் கொண்டுவரச் சொன்னது இதற்குத்தான்.

மாரியில் வெள்ளம் வந்தால் டியூட்டி?

கார்த்திகை முதல் தை வரை இதை யோசிக்காமல் ரோஸ்டர் போட முடியாது. படுவான்கரையில் (வாவியின் மேற்குக் கரை) இருந்து வருகிறவருக்கு ஆறு பெருகினால் வழி இல்லை. மண்டூர், குருமண்வெளிப் பக்கம் பாதையை (வாவியைக் கடக்கும் மிதவைப் படகு) நிறுத்திவிட்டால் சுற்றித்தான் வர வேண்டும். நீங்கள் எந்தக் கரையில் இருக்கிறீர்கள் என்பதை முதல் வாரமே பொறுப்புத் தாதியிடம் சொல்லி, மழை நாட்களில் இரட்டை ஷிப்ட் நின்று மறுநாள் ஓய்வெடுக்க ஒழுங்கு செய்துகொள்ளுங்கள்.

பேரிடர்த் திட்டத்தில் உங்கள் பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்றும் கேளுங்கள். 2004 டிசம்பர் 26இல் சுனாமி வந்தபோதும், 2019 ஏப்ரல் 21இல் மட்டக்களப்பு சீயோன் தேவாலயக் குண்டுவெடிப்பின்போதும் அன்று ஓய்வில் இருந்தவர்களும் ஓடி வந்தார்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு அட்டைகள் எந்த லாச்சியில் இருக்கின்றன, வகைப்படுத்தும் இடம் எது, ஐ.சி.யூ.வில் யாரை முதலில் மாற்றிக் கட்டில் எடுப்பது என்பதை அமைதியான ஒரு நாளில் தெரிந்துவைக்க வேண்டும்.

தகுதிகாண் காலம், வினைத்திறமைகாண் தடைப் பரீட்சை?

புதிய நியமனத்துக்குத் தகுதிகாண் காலம் மூன்று வருடம். பரீட்சைக்கு விண்ணப்பம் கோரும் அறிவித்தல் உங்கள் மேசைக்குத் தானாக வராது. சுயவிபரக் கோவை வைத்திருக்கும் கிளாக்கின் பெயரைத் தெரிந்துவைத்து, மூன்று மாதத்துக்கு ஒருதரம் போய் விசாரியுங்கள்.

வழிகாட்டித் தாதியோடு ஒத்துப்போகவில்லை. மாற்றலாமா?

மாற்றலாம். ஆனால் முதலில் என்ன ஒத்துப்போகவில்லை என்று பாருங்கள். ‘சொல்லிக்கொடுக்கிறா இல்லை’ என்பதற்குப் பின்னால் பல நேரம் இருப்பது, அவவுக்கும் அதே நாளில் ஆறு நோயாளிகள் என்பதுதான். அப்படி என்றால் பொறுப்புத் தாதியிடம் கேட்க வேண்டியது ஆளை மாற்றுவதை அல்ல, அவவின் நோயாளிகளைக் குறைப்பதை. எல்லோர் முன்னாலும் அவமதிப்பது, கேள்வி கேட்டால் சிரிப்பது போன்றவை நடந்தால், திகதி போட்டு எழுதி, மேற்ரனிடம் நேரே பேசுங்கள்.

நான் தனியே நிற்கத் தயார் என்று யார் முடிவு செய்வது?

மூன்று பேர்: வழிகாட்டித் தாதி, பொறுப்புத் தாதி, நீங்கள். திறன் பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் ‘பார்த்தேன்’, ‘பக்கத்தில் ஒருவர் நிற்கச் செய்தேன்’, ‘தனியே செய்தேன்’ என்று மூன்று கட்டம் இருக்கட்டும், திகதியோடு. பட்டியல் இல்லாத பிரிவு என்றால் நீங்களே ஒரு சீ.ஆர். கொப்பியில் கோடு போட்டுத் தொடங்குங்கள். நாலாம் வார முடிவில் மூவரும் உட்கார்ந்து பாருங்கள். இதயம் நின்றவரை மீட்பது, இரத்தம் ஏற்றும்போது ஒவ்வாமை, வேறு வைத்தியசாலைக்கு அம்புலன்ஸில் நோயாளியைக் கொண்டுபோவது ஆகிய மூன்றில் ஏதாவது இன்னும் ‘பார்த்தேன்’ கட்டத்திலேயே நின்றால் கையொப்பம் வைக்க வேண்டாம். இரண்டு வாரம் நீட்டச் சொல்லுங்கள். அந்த நாட்களில் நோயாளி வராவிட்டால் வெறுங்கட்டிலில் பொம்மையை வைத்துச் செய்து பார்த்துவிட்டு, பிறகு திகதி போடுங்கள்.